எண்ணப்படாத எண்

பொருளைப் பலர்க்கும் பகுத்துக் கொடுப்பார்க்கு முதற்கண் வேண்டப்படுவது அன்பு. அதனையடுத்து வேண்டப்படுவது எண்ணறிவு. அன்பிருந்தும் எண்ணறிவில்லாதான் பகுப்பின், ஒருவன் பங்கு மிகும். மற்றொருவன் பங்கு குறையும். குறையப்பெற்றவன் உள்ளத்தே மனத்தாங்கல் நிற்கும். எண்ணறிவிருந்தும் அன்பில்லாதானோ பகுக்கவே ஒருப்படான். ஆதலாற்றான் பகுத்துண்டலைப் பேரறமாகப் போற்றிய தமிழ்மக்கள், எண்ணையும் எழுத்தையும் மக்களுயிர்க்கு இரு கண்களென வைத்துப் பேசினர்.

இவ்வுண்மையைக் கொங்குநாட்டு வழக்கத்தில் வைத்துக் காண்பது எளிது. பூந்துறை, தென்கரை, காங்கேயம், பொங்கலூர் முதலாக அந்நாடு 24 உள்நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. இருபத்துநான்கு பொருள்களை இருவர், மூவர், நால்வர், அறுவர், எண்மர், பன்னிருவர் என எத்தொகையினர் வந்து கேட்பினும் மிச்சமின்றிப் பகுத்துக் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு 60 நாழிகை என்பது முன்னோர் கணக்கு. பவானியாற்றினின்று பிரிந்து ஈரோட்டின் வழியே ஓடும் காலிங்கராயன் வாய்க்கால் போன்றதொரு வாய்க்காலின் ஒருநாள் நீரை முறைவைத்துப் பாய்ச்சுவார் நால்வராயினும், ஐவராயினும், அறுவராயினும், பதின்மராயினும், ஆளுக்கு இத்தனை நாழிகையெனப் பின்னமின்றி வரையறுத்தல் கூடும். எழுவராயின் கூடாது. ரூபாய் ஒன்றுக்கு 16 அணாவென வழங்கிய காலத்து, மூன்று உடன்பிறந்தார் ஒரு ரூபாயைப் பகுக்கப் புகின் 16 என்னும் எண் இடந்தரவில்லை. அதனை 192 பையாக்கி, ஆளுக்கு 5 அணா 4 பை எனக் கொண்டு அமைந்தனர். 1957-ஆம் ஆண்டில் ரூபாய் நூறு காசாக்கப்பட்ட பின்னர், மூவர்க்கு ஒத்த பங்கு காசளவில் இல்லையாயிற்று. நூறு என்பது அறுபதினும் பெரிது. ஆயினும் பகுப்பார்க்கு அறுபதே உதவி மிகுதியும் உடையது.

இவ்வேறுபாடு எதனால் உண்டாயது என்று வினவின், அதற்கு விடை எளிது. ஓர் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் அவ்வெண்ணின் வகுத்திகள் எனப்படும். நூறு என்னும் எண்ணிற்கு வகுத்திகள் 9; அறுபதிற்கோ 12. இன்னும் நோக்குமிடத்து, அறுபதிற்குக் கீழ்ப்பட்ட எண்களுள் யாதொன்றிற்கும் 12 வகுத்திகள் இல்லை. அவ்வாறே 24-க்கு வகுத்திகள் 8; அதற்குக் கீழ்ப்பட்ட எண் யாதொன்றிற்கும் அத்துணை வகுத்திகள் இல்லை. இங்ஙனம் தன்னிற் சிறிய எண்கள் எல்லாவற்றினும் மிகுதியான வகுத்திகளைப் பெற்று விளங்கும் எண்ணை மிகுபகு எண் என்று வழங்கலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என அவ்வெண்கள் தொடர்ந்து செல்லும். அத்தொடருக்கு முடிவில்லை. யாங்ஙனமெனின், எவ்வெண்ணையும் இரட்டித்தால் வருவது அதனினும் மிகுந்த வகுத்திகளை உடையதாகும். ஆகவே முன்னையதை வெல்லும் எண் ஒன்று எஞ்ஞான்றும் மேலே இருத்தல் ஒருதலை.

இவ்வெண்களின் இயல்பை முதன்முதல் விரிவாக ஆராய்ந்து உலகிற்கு உணர்த்தியவர் கொங்குநாட்டிற் பிறந்த ஒருவர் என்பது ஈண்டு மகிழ்ந்து நினைக்கற்பாலது. கணித மேதையார் ஸ்ரீநிவாச இராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில், தம் தாயைப் பெற்றார் இல்லத்தே பிறந்தனர். அவர்தம் தாய்வழிப் பாட்டனார் ஈரோட்டு முன்சீப்பு மன்றத்தில் அமீனாகப் பணிபுரிந்தவர். அக்குடியினர் வழிபட்ட தெய்வம், அதே கொங்குநாட்டைச் சார்ந்த நாமக்கல்லில் எழுந்தருளியுள்ள நாமகிரித் தாயார். குழந்தை வளர்ந்தது கும்பகோணத்தில். வறுமையும் தேர்வுத் தோல்விகளும் கண்டு, 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, 1914-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் ஹார்டி என்னும் பேராசிரியரோடு உடனிருந்து ஆராய்ந்தமை பலரும் அறிந்தது.

ஆங்கிருந்து 1915-இல் அவர் இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கை நூலில் வெளியிட்ட நீண்ட கட்டுரை மிகுபகு எண்களைப் பற்றியதே. அக்கட்டுரையின் பொருட்டே 1916-இல் கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகத்தார் அவர்க்குப் பட்டம் வழங்கினர். மிகுபகு எண் ஒன்றைப் பகா எண்களாகப் பிரித்தால், இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என அவை இடையறாது வரிசையாக நிற்கும் என்பதும், சிறிய பகா எண் வரும் முறைகளினும் பெரிய பகா எண் வரும் முறைகள் மிகா என்பதும், 4, 36 என்னும் இரண்டு எண்களை ஒழித்து ஏனையவற்றில் இறுதியில் நிற்கும் பகா எண் ஒருமுறையே வரும் என்பதும் அக்கட்டுரையில் நிறுவப்பட்டன. அதனோடு, நூற்றுக்கும் மேற்பட்ட மிகுபகு எண்களை வரிசைப்படுத்திய அட்டவணை ஒன்றும் அதன்கண் அமைந்தது. அவ்வட்டவணையின் இறுதி எண் 6746328388800. அஃதாவது, ஆறு லட்சத்து எழுபத்துநாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே, எண்பத்துமூன்று லட்சத்து, எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. கணிப்பொறி இல்லாத அக்காலத்து, மனத்தாலும் கையாலும் இத்துணைத் தொலைவு சென்றது வியப்பே.

ஆயினும், அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டது. அதுவே இக்கட்டுரைக்குப் பொருளாகிய எண்: 293318625600. அஃதாவது, இருபத்தொன்பதினாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே, எண்பத்தாறு லட்சத்து, இருபத்தையாயிரத்து அறுநூறு.

அதன் இயல்பைச் சிறிது நோக்குக. இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரண்டு முறையும், பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது என்பனவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்து ஒன்றோடொன்று பெருக்கின் அவ்வெண் வரும். இனி அதன் வகுத்திகள் எத்தனையெனின், இரண்டை ஒருமுறையும் எடாமலேனும், ஆறுமுறை வரை எத்துணை முறை எடுத்தேனும் வகுத்தி அமைக்கலாம் ஆதலின், அதற்கு 7 வழிகள், மூன்றிற்கு 5, ஐந்திற்கும் ஏழிற்கும் மும்மூன்று, எஞ்சிய நான்கு பகா எண்களுக்கும் இவ்விரண்டு. இவற்றைப் பெருக்க வருவது 5040. ஆகவே, விடுபட்ட எண்ணின் வகுத்திகள் 5040 ஆகும். அவ்வெண்ணிற்குக் கீழுள்ள இருபத்தொன்பதினாயிரத்துச் சொச்சம் கோடி எண்களுள் ஒன்றேனும் இத்துணை வகுத்திகளை உடைத்தன்று. ஓர் எண்ணுக்கு ஒரு நொடியாக, உணவும் உறக்கமுமின்றி ஒருவன் அவ்வெண் வரை எண்ணிச் செல்லினும், எண்ணி முடிக்க ஏறக்குறைய 9,294 ஆண்டுகள் செல்லும். அத்துணைப் பெருந்திரளில் தானே தலைமை பெற்று நிற்பது அது.

இன்னுமொரு நயம் உண்டு. 5040 என்பதும் மிகுபகு எண்களுள் ஒன்று. கிரேக்க நாட்டுப் பிளேட்டோ என்னும் அறிஞர், சட்டங்கள் என்னும் தம் நூலில், புதிதாக அமைக்கும் ஊர்க்கு மனைகள் 5040 இருத்தல் வேண்டும் என்று வகுத்தனர். போர்க்கும், அமைதிக்கும், வரிக்கும், பங்கீட்டிற்கும் அவ்வெண் பலவாறு பகுபட்டு உதவும் என்பது அவர் கூறிய காரணம். பிளேட்டோ ஒரு நகர்க்கு மனைத்தொகையாகத் தெரிந்தெடுத்த எண், இராமாநுஜன் பட்டியலில் விடுபட்ட எண்ணிற்கு வகுத்தித் தொகையாக அமைந்து கிடக்கின்றது. அவ்வியைபை வேண்டுமென்று செய்தார் ஒருவரும் இலர்.

விடுபட்ட எண்ணுக்கும், அட்டவணையின் இறுதியில் நின்ற எண்ணுக்கும் உள்ள உறவு இதனினும் வியக்கற்பாலது. விடுபட்ட எண்ணை 23-ஆற் பெருக்கின் வருவது 6746328388800. அதுவே அட்டவணையின் இறுதி எண். அவ்விறுதி எண்ணின் வகுத்திகள் 10080. ஆகவே, விடுபட்டதென்று கருதப்பட்ட எண், விடப்படாத எண்ணினுள்ளே முழுவதும் அடங்கிக் கிடந்தது. தம் பட்டியலை முடித்து வைத்த எண்ணை எழுதியபொழுதே, தாம் எழுதாது விட்டதனையும் அப்பெரியார் மறைமுகமாக எழுதியவராயினர்.

இவ்விடத்தே ஆராயத்தக்க கேள்விகள் மூன்று எழுகின்றன. முதலாவது, பட்டியலிற் சேராதிருந்த காலத்து அவ்வெண்ணின் நிலை யாது என்பது. எண் என்பது மக்கள் மனத்தாற் படைத்துக்கொண்டதொன்று. எண்ணுவார் இல்வழி எண்ணும் இல்லை என்பார் சிலர். எண் என்னுஞ் சொல்லே எண்ணுதல் என்னும் வினையிற் பிறந்தமையால், எண்ணப்படாதது எண்ணாதல் யாங்ஙனம் என்று அவர் தடை நிகழ்த்துவர்.

அது பொருந்தாது. மனத்தாற் படைக்கப்பட்டது மனத்தின் விருப்பிற்கு இணங்கி நடத்தல் வேண்டும். கதை புனைவான் தன் கதைத் தலைவனை மதுரையிற் பிறந்தானாகவும் கூறலாம். கருவூரிற் பிறந்தானாகவும் கூறலாம். அதுபோல, ஏழு நாழிகைக்கு ஒருவராக 60 நாழிகையைப் பின்னமின்றிப் பகுத்துக்கொள்ள ஊரார் அனைவரும் ஒருமனப்பட்டு விரும்பினும், அது நடவாது. 1915-இல் பேரறிஞர் ஒருவர் காணாது விட்டபொழுதும், 293318625600 தன் வகுத்திகளில் ஒன்றையேனும் இழந்ததில்லை. பிறர் கண்டபின் ஒன்றையேனும் புதிதாகப் பெற்றதுமில்லை. காண்பான் காணாவிடினும் தன்னியல்பிற் பிறழாது நிற்பது யாதோ, அதனை உள்பொருள் என்பதே முறை. இல்லது தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்பது சற்காரியவாதம். குயவன் வனைவதற்கு முன்னும் குடம் மண்ணில் ஆற்றலளவாய் இருந்தது போல, எண்ணின் இயல்புகள் யாவும் எண்ணினிடத்தே என்றும் உள்ளன. அறிஞன் செய்வது அவற்றை வெளிப்படுத்தலே. படைத்தேன் என்று செருக்குறுதற்கு அதில் இடமில்லை. கண்டேன் என்று மகிழ்தற்கு இடமுண்டு.

இரண்டாவது கேள்வி இதனினும் நுட்பமுடையது. தமக்குக் கணித உண்மைகள் நாமகிரித் தாயாரின் அருளாற் கனவிற் புலப்பட்டன என்று இராமாநுஜன் கூறியதாக அவரோடு பழகியோர் உரைத்துள்ளனர். அருள் காட்டியதாயின், பிழை எங்ஙனம் புகுந்தது? பிழை புகுந்தமையால் அருள் காட்டியதென்பது பொய்யாகாதோ என்று வினவுவார் உளர். அவர் சமயம் வைணவம். ஆயினும், எண்ணுக்குச் சமயமில்லை. இவ்வினாவும் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாகும்.

இதற்குச் சித்தாந்த நூன்முறை தெளிவான விடை தருகின்றது. உயிர் இயல்பிலே அறிவுடையதாயினும், ஆணவ மலத்தால் அவ்வறிவு மறைப்புண்டு கிடக்கின்றது. மாயையினின்று தோன்றிய கலை என்னும் தத்துவம் அம்மறைப்பை ஒருசிறிது நீக்கிச் செயலாற்றலை எழுப்பும். வித்தை என்னும் தத்துவம் அறிவாற்றலை எழுப்பும். அராகம் விருப்பை எழுப்பும். இவை கைவிளக்குப் போல்வன. கைவிளக்குக் கொண்டு இருளிற் செல்வான், விளக்கொளி பட்ட இடத்தைக் காண்பான். படாத இடத்தைக் காணான். ஆகவே, கருவிகளோடு கூடி அறியும் உயிரின் அறிவு ஒன்றன்பின் ஒன்றாகவும், ஒருபுடையாகவும் அறிவதேயாம். அனைத்தையும் ஒருங்கே, ஒருபடித்தாக அறிவது முற்றறிவுடைய இறைவன் இயல்பு. இறைவன் உயிர்க்குக் காட்டும் உதவியும், உடனின்று காணும் உதவியும் செய்கின்றான். எனினும், காண்பது உயிரே. பட்டப்பகலில் தொழுவத்து ஆனிரையை எண்ணுவான் ஒருவன், ஒரு கன்றை எண்ணாது விடுவானாயின், அக்குறை ஞாயிற்றின் ஒளிக்கு ஆகாது. அவன் எண்ணிய ஏனைய ஆக்கள் அக்குறையாற் பொய்யாகிவிடவும் மாட்டா. ஒளியும் உண்மை, கண்டதும் உண்மை, விட்டதும் உண்மை. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு முரண்பாடு இல்லை.

அன்றியும், அக்கட்டுரையில் இருவகை அறிவு விளங்குதல் காண்க. மிகுபகு எண்ணின் இலக்கணத்தை வகுத்தது ஒன்று. அவ்விலக்கணத்திற்கு ஏற்ற எண்களைத் தொகுத்தது மற்றொன்று. இலக்கணத்திற் பிழையில்லை, தொகுப்பிற்றான் ஒன்று விடுபட்டது. அவ்வெண் விடுபட்டது பிழையென்று எவ்வாறு அறியப்படும்? அவர் வகுத்த இலக்கணத்தைக் கொண்டே அறியப்படும். தம்மைத் திருத்துவதற்கு வேண்டும் அளவுகோலைத் தாமே பிறர் கையிற் கொடுத்துச் சென்றவர் அவர். தாம் கூறியதை மறுத்து ஆராய்தற்கு வழி வைக்காது, நம்புக என்று மட்டும் கூறுவானது பிழை என்றும் மறைந்தே கிடக்கும். உலகிற்கு அதனாற் கேடு. வழி வைத்துச் செல்வானது பிழை பின்வருவாரால் நிரம்பும். உலகிற்கு அதனால் ஆக்கமே.

மூன்றாவது கேள்வி ஒழுக்கத்தைப் பற்றியது. பெரியார் ஒருவரது குறையை எடுத்துக் கூறுதல் தகுமோ என்பது அது. இவ்விடத்தே மக்கள் மூவகைப்படுவர். பெரியாரிடத்துக் கொண்ட அன்பினால் அவர் குறையை மறைப்பார் ஒருவகையார். அக்குறை ஒன்றையே பிடித்துக்கொண்டு, அவர் பெருமை முழுவதையும் இகழ்வார் ஒருவகையார். விடுபட்ட இடத்தே விடுபட்டதனை எழுதி நிரப்பி, மேலே செல்வார் ஒருவகையார். மறைப்பார் உண்மையினும் ஆளைப் பெரிதாக்குகின்றனர். இகழ்வார் உண்மையினும் தம்மைப் பெரிதாக்குகின்றனர். நிரப்புவாரே உண்மைக்கு உரிய இடத்தை உண்மைக்குத் தருகின்றனர்.

ஆலவாய்ப் பெருமான் தந்த பாட்டிலும் குற்றங் கூறிய நக்கீரர் வரலாறு தமிழர் அனைவர்க்கும் தெரிந்ததே. குற்றம் யாரிடத்துக் காணப்படினும் கூறுக என்பதற்கு அவ்வரலாற்றை எடுத்துக்காட்டுவார் பலர். அதன் பிற்பகுதியை நினைப்பார் சிலரே. பிறர் சொல்லிற் குற்றங்கண்ட அப்புலவர், பின்னர் அகத்திய முனிவர்பால் இலக்கணங் கேட்டு மாணவராய் அமைந்தனர் என்று திருவிளையாடற் புராணம் கூறும். பிறர் குறையைக் காணும் கண் தன் குறையையும் காணுமளவிற்கு விளக்கம் பெறுதல் வேண்டும் என்பதே அதனாற் பெறப்படும் கருத்து. 293318625600 விடுபட்டதென்று இன்று அறிந்துகொண்ட ஒருவன், அதனால் இராமாநுஜனினும் தான் வல்லன் என்று நினைப்பானாயின், யானைமேல் இருக்கும் பாகன் யானையினும் தான் உயரமென்று மகிழ்ந்ததனோடு அஃது ஒக்கும்.

இனி, இம்மூன்று கேள்விகளினும் மேற்பட்டு மக்கள் வாழ்க்கைக்கு மிகவும் வேண்டுவதொன்று உண்டு. எண் ஒன்று பட்டியலில் விடுபட்டால், அவ்வெண்ணுக்கு இழப்பு யாதும் இல்லை. அது பசியாது, வருந்தாது, நூறாண்டு கழித்து அழைப்பினும் அன்றிருந்தபடியே வந்து நிற்கும். லிட்டில்வுட் என்னும் கணித அறிஞர், ஒவ்வோர் எண்ணும் இராமாநுஜனுக்கு நெருங்கிய நண்பன் என்னும் கருத்துப்படக் கூறினர். நண்பர் அனைவரையும் விருந்திற்கு அழைத்த ஒருவர், மறதியால் ஒரு நண்பனை மட்டும் அழையாது விட்டார் போலும். அந்நண்பனோ சிறிதும் வெகுளாத இயல்பினன். ஆனால், மக்கள் மக்களைப் பற்றி எழுதும் பட்டியல்கள் அத்தகையன அல்ல. பாகப் பிரிவினைப் பத்திரத்திற் பெயர் விடுபட்ட கைம்பெண் வருந்துவாள். குடும்ப அட்டையிற் பெயர் விடுபட்ட குழந்தைக்கு அரிசி குறையும். பருத்தி நிறுப்பவன் ஒரு பொதியைக் கணக்கில் ஏற்றாது விட்டால், ஓராண்டு உழைத்த உழவனுடைய கடன் அடையாது நிற்கும். பேரறிவாளர், தாம் நன்கு அன்புசெய்த எண்களைத் தொகுத்தபொழுதே ஒன்று விடுபட்டதாயின், அன்புமின்றி அவசரத்தோடு தொகுக்கும் பட்டியல்களில் எத்தனை உயிர்கள் விடுபடும் என்று எண்ணிப் பார்த்தல் கடன். என் கணக்கிற் பிழையில்லை என்று உறுதி கூறுவான், விடுபட்டவன் வாயிலில் வந்து நிற்கும்பொழுதும் கதவைத் திறவான். என் கணக்கிற் பிழை இருத்தல் கூடும் என்று அஞ்சுவானே, எழுந்து சென்று கேட்பான். ஆணவத்தின் மறைப்பை நூல்களிற் படித்து அறிதல் எளிது. தன் கணக்கேட்டில் வைத்து அறிதல் அரிது.

இராமாநுஜன் 1919-இல் நோயோடு தாயகம் திரும்பியபின், கோடைக்காலத்திற் சிலகாலம் காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் தங்கினர். கொங்குநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் அவ்வூர் ஒன்று என்பதும், சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடியது அங்கே என்பதும் அன்பர்கள் அறிவார்கள். தாம் பிறந்த ஈரோட்டினின்று தொலைவில்லாத அவ்வூரினின்று பின்னர்க் கும்பகோணமும், அதன்பின் சென்னையும் சென்று, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், 32-ஆம் வயதில் உடலை நீத்தனர். மிகுபகு எண்களைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு பகுதி, 1915-இல் கழகத்தாரின் பொருள்முடையால் அச்சேறாது நின்றது. அப்பகுதி 1988-இல் வெளிவந்தது. 1997-இல் குறிப்புகளோடு மீண்டும் அச்சாயிற்று. இக்காலத்துக் கணிப்பொறியோ ஏழு லட்சத்திற்கு மேற்பட்ட மிகுபகு எண்களை நிரல்படுத்தி வைத்துள்ளது. விடப்பட்டவை யாவும் தத்தம் காலத்தில் வந்து சேர்ந்தன.

ஆயினும், நிரல் முடிந்துவிட்டதென்று எவரும் கூறார். விடுபட்ட அவ்வெண்ணையே எடுத்துக்கொள்க. அத்துணை நாழிகையோ நெல்மணியோ பங்கிடும்பொழுது, ஒருவர் முதல் 22 பேர் வரை எத்தொகையினர் வரினும் மிச்சமின்றிப் பகுக்கலாம். இருபத்துமூவர் வரின் இயலாது. அவ்விருபத்துமூன்றாம் ஆளையும் நினைந்து அவ்வெண்ணை 23-ஆற் பெருக்கிக்கொள்ளின், வரும் எண் 28 பேர் வரை எத்தொகையினர்க்கும் ஒத்த பங்கு தரும். 29 பேர் வரும்பொழுது அதுவும் தடுமாறும். பின்னர் 29-ஐயும் கூட்டிப் பெருக்கல் வேண்டும். இங்ஙனம் எத்துணைப் பெரிய எண்ணாயினும், அதனைக் கடந்து ஒருவன் பந்தியின் கடைசியில் இலையின்றி நிற்றல் கூடும். எண்களுள் மிகுந்த ஈகையுடையதற்கும் எல்லை இவ்வாறாயின், சிற்றறிவுடைய உயிரின் எல்லையைச் சொல்ல வேண்டா. எல்லையின்மை இறைவன் ஒருவர்க்கே உரியது. உயிர்க்கு உரியது, பங்கிட்டு முடிந்தது என்று எழுந்துவிடாமல், கடைசியில் நிற்பவன் யாவன் என்று தலைநிமிர்ந்து ஒருமுறை நோக்குதலே.